யாருடைய ஐயம்? வாதத் தலைப்புத் தேர்தல் பற்றிய ஒரு திறனாய்வு

அவையொன்று கூடி ஒரு பொருளை ஆராய்தற்கு முன்னர், அப்பொருளை எவரேனும் ஒருவர் தேர்ந்து வைத்தல் வேண்டும். பேசுவோரின் நாவன்மை பற்றியும், நடுவரின் நடுவுநிலைமை பற்றியும், கேட்போரின் சுவையுணர்வு பற்றியும் தமிழில் எழுதப்பட்டவை பல. தலைப்பைத் தேர்வோரின் பொறுப்புப் பற்றி எழுதப்பட்டவையோ மிகச் சில. அழைப்பிதழ் அச்சகத்துக்குச் செல்ல வேண்டிய நாளின் மாலையிலே, மன்றச் செயலாளர் விரைந்து எழுதிக் கொடுக்கும் ஒற்றை வரியாகவே தலைப்பானது பல இடங்களிற் பிறக்கின்றது. அங்ஙனம் பிறந்த வரியே பின்னர் ஒரு மாலைப்பொழுது முழுதும் பேசுவோர் அறிவையும் கேட்போர் செவியையும் ஆளுகின்றது. வித்திலே குற்றமிருப்பின் விளைவைக் குறை கூறிப் பயனில்லை.

ஓர் அவைக்குத் தக்க வினா எத்தகையது? அதனை அறிதற்குத் தமிழிலேயே அளவுகோல்கள் உள்ளன. ஒன்று நன்னூலிலும் மற்றொன்று மணிமேகலையிலும் காணப்படுவன. அவ்விரண்டையும் கொண்டு இற்றைத் தலைப்புகளை ஆராய்ந்து, ஆய்வின் முடிவை மலையகத்திலே சிவனொளிபாதமலையின் அடிவாரத்திலுள்ள நல்லதண்ணி என்னும் ஊரில் உரைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். எல்லார்க்கும் பொது என்று கருதப்படும் தலைப்பு உண்மையில் எல்லார்க்கும் பொதுவன்று என்பதைத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூர் போலத் தெளிவுறக் காட்டும் இடங்கள் மிகச் சிலவே.

வினாவின் வகை

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுவியலில் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். அறிவினா, அறியா வினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. விடையைத் தான் அறிந்து வைத்துக்கொண்டு, பிறன் அறிவானோ என்று சோதித்தற்கு ஆசிரியன் வினவுவது அறிவினா. அறியாத மாணாக்கன் அறிதற்பொருட்டு வினவுவது அறியா வினா. இதுவோ அதுவோ என்று துணியமாட்டாது வினவுவது ஐயவினா. ஒரு பொருளைப் பெறுதற்கு வினவுவது கொளல். கொடுத்தற்கு வினவுவது கொடை. வினா வடிவிலே கட்டளையிடுவது ஏவல்.

இப்பகுப்பு இலக்கண வகுப்பறைக்கே உரியது என்று எண்ணுதல் தகாது. மக்கள் கூடும் இடங்களையெல்லாம் இதனால் அளந்து பார்க்கலாம். பள்ளியறையில் அறிவினாவும் அறியா வினாவும் வழங்கும். கடைத்தெருவில் கொளல் வினாவும் கொடை வினாவும் வழங்கும். தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையிலே தொழிலாளர் வந்து கூடுகின்ற பிரட்டுக்களத்தில் வழங்குவது பெரும்பாலும் ஏவல் வினாவே. அங்கே கங்காணியோ கணக்கப்பிள்ளையோ வினவுவதற்கு விடை சொல்ல வேண்டுவதில்லை. மலைக்கு ஏறிப்போதலே விடையாகும். ஆயின், வாதம் நிகழும் அவைக்கு உரியது எவ்வகை வினா? ஐயவினா ஒன்றே உரியது. விடை முன்னரே துணியப்பட்ட இடத்தில் வாதத்துக்கு வேலையில்லை. இரு பாலும் நிறை ஒத்து நின்று, கூடியிருப்போர் மனம் உண்மையிலேயே துலாக்கோல் போல் அசையும் இடத்திலேதான் வாதம் பயன்படும்.

இங்கே மற்றொரு கேள்வி தோன்றுகின்றது. ஐயம் என்பது ஒருவர் மனத்திலே நிகழ்வது. ஒருவர்க்கு ஐயமாயிருப்பது மற்றொருவர்க்குத் துணிவாயிருக்கலாம். வேறொருவர்க்கு அவ்வினாவே பொருளற்றதாயிருக்கலாம். ஆதலின் தலைப்பு ஐயவினாவாக இருத்தல் வேண்டும் என்று கூறுவதோடு அமையாது, அது யாருடைய ஐயம் என்பதையும் ஆராய வேண்டும். இற்றைத் தலைப்புகளின் குறை பெரும்பாலும் இவ்விரண்டாம் கேள்வியைக் கேளாமையால் வந்ததேயாகும்.

பக்கமும் பக்கப் போலியும்

பட்டிமண்டபம் என்னும் சொல் பழமையானது. மணிமேகலையின் விழாவறை காதையிலே, இந்திர விழாவின் வருகையைப் புகார் நகரத்தார்க்கு முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகளைப் பட்டிமண்டபத்தின் முறைமை அறிந்து அதில் ஏறுமாறு அழைக்கின்றான். பகைவரோடு சேர்ந்திருக்க நேரினும் சினமும் பூசலும் விளைக்காது விலகிச் செல்லுமாறும் உடன் அறிவுறுத்துகின்றான். முறைமை என்பது யாது என்பதற்கு விளக்கம் வேண்டுவோர் அந்நூலின் இறுதிப் பகுதியிலுள்ள தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையை நோக்குதல் வேண்டும். அங்கே அறவண அடிகள் பௌத்த அளவை நூலை மணிமேகலைக்கு உணர்த்துகின்றார்.

நிறுவுதற்கு எடுத்துக்கொள்ளப்படும் கூற்று பக்கம் எனப்படும். பக்கம் போலத் தோன்றிப் பக்கமாகாதது பக்கப் போலி. அஃது ஒன்பது வகைப்படும் என்று நூல் விரிக்கின்றது. ஏதுவிலும் எடுத்துக்காட்டிலும் நிகழும் பிழைகள் பின்னரே கூறப்படுகின்றன; எடுத்துக்கொண்ட பொருளிலேயே நிகழும் பிழைகள் முதற்கண் வைக்கப்பட்டன. வாதம் தொடங்குமுன்னரே கெட்டுப்போகும் வழிகள் இத்தனை உள்ளன என்பது இதனாற் பெறப்படும்.

அவ்வொன்பதுள் நான்கு ஈண்டு வேண்டற்பாலன. கண்ணுங் காதும் நேரே அறிவதற்கு மாறாகக் கூறுவது பிரத்தியக்க விருத்தம். தன் தாயை மலடி என்பான் கூற்றுப் போலத் தன் சொல்லைத் தானே அழிப்பது சுவசன விருத்தம். எதிரி முன்னரே உடன்பட்ட ஒன்றை அவனுக்கு நிறுவப் புகுவது அப்பிரசித்த சம்பந்தம். எல்லாம் அநித்தம் என்னும் கொள்கையுடைய பௌத்தனிடம் சென்று ஒலி அநித்தம் என்று சாதிப்பது இதற்கு உதாரணம். எதிரி உள்ளதென்றே ஒப்பாத ஒரு பொருளை எழுவாயாக வைத்து அதற்கு ஒரு தன்மையை ஏற்றிக் கூறுவது அப்பிரசித்த விசேடியம். ஆன்மா உண்டென்னாத பௌத்தனிடம் ஆன்மா அறிவுடையது என்று சாங்கியன் கூறுவது இதன்பாற்படும்.

கிரேக்க அறிஞர் அரித்தோத்தில் தம் வாதநூலில் இதனோடு ஒத்த கருத்தொன்றைக் கூறினார். எல்லா வினாவும் ஆராய்ச்சிக்கு உரியனவல்ல என்பதும், பனி வெண்மையோ என்று ஐயுறுவானுக்கு வேண்டுவது கண்ணே என்பதும், பெற்றோரை அன்பு செய்ய வேண்டுமோ என்று வினவுவானுக்கு வேண்டுவது தண்டனையே என்பதும் அவர் கருத்து. ஒன்றையொன்று அறியாத இரு மரபுகள், வாதம் புரிதலினும் வாதப் பொருளைத் தேர்தலே முற்பட்டது என்னும் முடிவில் ஒன்றுபடுகின்றன.

இற்றைப் பட்டிமன்றம்

தமிழகத்திலே 1939 ஆம் ஆண்டிற் சா. கணேசன் காரைக்குடியில் நிறுவிய கம்பன் கழகம், பட்டிமண்டபத்தை இலக்கிய மேடையாக்கி வளர்த்தது. குன்றக்குடி அடிகளார் போன்றோர் நடுவராக அமர்ந்து அதன் மதிப்பை உயர்த்தினர். இலங்கையில் 1980 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட கம்பன் கழகம் அம்மரபைப் பின்பற்றியது. பின்னர்த் தொலைக்காட்சி வந்தபொழுது பண்டிகை நாள்களில் இல்லந்தோறும் பட்டிமன்றம் நுழைந்தது. சாலமன் பாப்பையா முதலானோர் பெயர் தமிழ் வழங்கும் இடமெல்லாம் அறியப்பட்டது. இவ்வளர்ச்சி இகழத்தக்கதன்று, பல்லாயிரவர் நல்ல தமிழைச் செவியாற் கேட்டு மகிழ இது வழிவகுத்தது.

எனினும் தலைப்புகளை நோக்குமிடத்து ஏற்றத்தாழ்வு புலப்படுகின்றது. வாலியை மறைந்து நின்று கொன்றது அறமோ அன்றோ என்பது சிறந்த தலைப்பு. கம்பர் தாமே வாலியின் வாயிலாக இராமன்மேற் குற்றத்தை நீள அடுக்கிக் காட்டுகின்றார். கற்றவரும் கல்லாதவரும் அவ்விடத்தில் உள்ளம் தடுமாறுகின்றனர். இந்த ஐயம் செயலாளரின் மேசையிற் பிறந்ததன்று, காவியத்திலேயே பிறந்தது. கும்பகருணன் நெறி சிறந்ததோ வீடணன் நெறி சிறந்ததோ என்பதும் அத்தகையதே. உண்ட உணவுக்கும் உடன்பிறப்புக்கும் கடன்பட்டு நிற்பதா, அறத்தின் பக்கம் சேர்வதா என்னும் தடுமாற்றம் எக்காலத்தும் மனிதர்க்கு நேர்வது.

கண்ணகியோ மாதவியோ சிறந்தவள் என்பது இவற்றோடு ஒப்பதன்று. இருவர் வாழ்வையும் எடைபோட்டு வரிசைப்படுத்தல் இளங்கோவடிகள் நோக்கமன்று. சிலப்பதிகாரம் கற்றோர் மனத்தில் அத்தகைய ஐயம் எழுவதுமில்லை. வெளியே இருந்து கொண்டுவந்து புகுத்திய வினா அது. குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா, வாழ்க்கைக்கு வேண்டுவது கல்வியா செல்வமா என்பன இன்னும் ஒரு படி தாழ்ந்தவை. இவற்றின் முடிவில் நடுவர் எழுந்து இரண்டும் வேண்டும் என்று தீர்ப்பளிப்பதும் அவையோர் கைதட்டிக் கலைவதும் வழக்கம். அத்தீர்ப்பு அவைக்கு வருமுன்னரே அனைவரும் அறிந்தது. எல்லாரும் உடன்பட்டதை எல்லார்க்கும் நிறுவுதலின் இஃது அப்பிரசித்த சம்பந்தம் என்னும் பக்கப் போலியின் இனமேயாகும். நன்னூலார் வழக்கிற் கூறின், ஐயவினாவின் ஆடையைப் புனைந்து வந்த அறிவினா என்க.

நாட்டார் வழக்கு இதனினும் நுண்ணியது. தஞ்சைப் பகுதியிலே காமன் பண்டிகையின்போது லாவணி பாடுவோர் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பிரிவாகப் பிரிந்து நின்று, சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானோ எரியவில்லையோ என்று வாதிடுவர். எரிந்தான் என்பதற்குக் கதையே சான்று. எரியவில்லை என்பதற்கோ உலகில் இன்றளவும் காமம் அழியாதிருத்தல் சான்று. இரு பாலும் மறுக்கவொண்ணாத சான்று இருத்தலின் தலைமுறை பல கடந்தும் அத்தலைப்புச் சலிப்புத் தரவில்லை. மலையகத்துத் தோட்டங்களிற் காமன்கூத்து ஆடப்படுவதை நோக்குமிடத்து, தொழிலாளர் கடல் கடந்து வந்தபொழுது கொணர்ந்த செல்வங்களுள் அதுவும் ஒன்று என்பது விளங்கும். ஏடறியா மக்கள் நல்ல ஐயவினாவை அறியார் என்பது பிழையான எண்ணம்.

நல்லதண்ணியில் ஒரு தலைப்பு

ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாகச் செல்லும் பாதை மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கரையோடு சென்று நல்லதண்ணியில் முடிகின்றது. சுற்றிலும் தேயிலை மலைகள், இடையிடையே லயங்கள், மேலே காடு, காட்டின் மேலே 2,243 மீற்றர் உயர்ந்து நிற்கும் சிகரம். மார்கழியை ஒட்டிய பௌர்ணமி தொடங்கி வெசாக் பௌர்ணமி வரையும் இங்கே யாத்திரிகர் கூட்டம் இரவு பகலாக மொய்க்கும். ஏனைய மாதங்களில் ஊர் மழைக்கும் மூடுபனிக்கும் கொழுந்து பறிப்போர்க்கும் உரியதாகின்றது.

இவ்வூரில் தோட்டத்து இளைஞர் சிலர் ஒரு மன்றம் அமைத்து வாதக் கூட்டமொன்று நடத்தப் புகுவதாகக் கொள்க. பள்ளிக்கூடங்களிற் பன்னெடுங்காலமாகப் பழகிய தலைப்பு ஒன்று முதலில் நினைவுக்கு வரும்: வாழ்தற்குச் சிறந்தது நகரமா, கிராமமா? யாழ்ப்பாணத்து மாணாக்கனுக்கும் மதுரை மாணாக்கனுக்கும் இதில் இடர்ப்பாடு இல்லை. தன் ஊர் இரண்டில் ஒன்று; மற்றதை அவன் கண்டிருப்பான். நல்லதண்ணித் தோட்டத்து மாணாக்கன் எந்தக் கட்சியில் நின்று தன் வாழ்வைச் சான்றாகக் காட்டுவான்?

இலங்கைக் குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிவரங்கள் நாட்டு மக்களை நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறையாகப் பிரித்துக் கூறுகின்றன. தோட்டம் நகரமுமன்று, கிராமமுமன்று. இது பெயரளவில் நின்ற வேறுபாடன்று. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபைகள் தம் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுதற்குத் தடையாக விளங்கிற்று. தோட்டத்து மக்கள் சபைத் தேர்தலில் வாக்களிப்பர். தெரிவுசெய்யப்பட்ட சபையோ அவர்களுடைய லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட இயலாதிருந்தது. 2018 இலேயே இப்பிரிவு திருத்தப்பட்டது. முப்பதாண்டுக்கு மேலாகச் சட்டம் கிராமமென ஏற்காதிருந்த இடத்தில் வளர்ந்த இளைஞனை நோக்கி, நகரமா கிராமமா என்று வினவுதல், அவனுக்கு உளதாகாத எழுவாயை வைத்து வாதிடச் சொல்லுதலாகும். இஃது அப்பிரசித்த விசேடியத்தின் பாற்படும். கிராமத்துப் பசுமையைப் புகழ்ந்து அவன் மனனஞ்செய்து பேசலாம், பரிசும் பெறலாம். ஆயின் அப்பேச்சில் அவனுடைய கண் கண்டது ஒன்றும் இராது. தன் வாழ்வு பேசுதற்குரிய பொருளன்று என்பதே அன்று மாலை அவன் கற்றுக்கொள்ளும் பாடமாகும்.

அதே தலைப்பைச் சிறிது மாற்றினால் நிலைமை வேறாகும். தோட்டக் குடியிருப்புகள் கிராமங்களாக மாறுதல் வேண்டுமா, தோட்டத்தின் நிருவாகத்தின்கீழ்த் தொடர்தல் வேண்டுமா என்பது மெய்யான ஐயவினா. தனி வீடும் காணியுரிமையும் முகவரியும் வேண்டும் என்பார் ஒரு பால் நிற்பர். தோட்டம் இதுகாறும் நடத்திவந்த பிள்ளை மடுவமும் மருந்தகமும் அக்காலத்தில் யார் பொறுப்பாகும் என்று அஞ்சுவார் மறு பால் நிற்பர். இரு சாராரும் ஒரே லயத்தில் வாழ்பவராயிருக்கலாம். ஒரே வீட்டில் தாயும் மகனுமாயிருக்கலாம். சான்றுகள் அவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ளன. முடிவு அவர்கள் ஒழுகலாற்றைத் தொடும்.

மலையும் அடிச்சுவடும்

நல்லதண்ணிக்குத் தலைமேல் நிற்கும் வேறொரு பழைய வினாவும் உண்டு. சிகரத்திலுள்ள அடிச்சுவடு யாருடையது? பௌத்தர் புத்தபிரானுடையது என்பர். சைவர் சிவபெருமானுடையது என்பர். இசுலாமியர் ஆதி மனிதர் ஆதமுடையது என்பர். கிறித்தவருள் ஒருசாரார் தோமையருடையது என்பர். 1344 இல் இபின் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இம்மலையேறி வழிபட்டுச் சென்றார். நான்கு சமயத்தார் ஒரே படியில் ஏறி ஒரே விடியலைக் காணுகின்றனர்.

வாதத் தலைப்புத் தேர்வோர்க்கு இது கவர்ச்சியுடையதாகத் தோன்றலாம். ஆயின் இது வாதப் பொருளாகாது. ஒரு சமயத்தார் சான்றாகக் கொள்ளும் நூலை மற்றச் சமயத்தார் சான்றாகக் கொள்ளார். நால்வர்க்கும் பொதுவான அளவை ஒன்று இல்லாதபோது வாதம் நடவாது, பூசலே நடக்கும். அளவை நூலறியாத யாத்திரிகர் மரபு இதனை நன்கு உணர்ந்திருக்கின்றது. அடிச்சுவடு யாருடையது என்று வழியில் எவரும் எவரையும் வினவுவதில்லை. வினவாமையும் ஒரு தேர்வு என்பதைத் தலைப்புத் தேர்வோர் இம்மலையினின்றும் கற்கலாம்.

இதே மலை மற்றொரு வினாவை எழுப்புகின்றது. சிகரத்தைச் சூழ்ந்த காடு, இலங்கையின் மத்திய மலைநாடு என்னும் பெயரில் 2010 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. பருவந்தோறும் ஏறுவோர் விட்டுச் செல்லும் பிளாஸ்ரிக் போத்தல்களும் உறைகளும் படியோரங்களிலும் ஓடைகளிலும் சேர்கின்றன. யாத்திரையால் வாழும் கடைக்காரரும் அவ்வோடை நீரை நம்பியிருப்போரும் ஓரூரினரே. ஊரின் பெயரோ நல்லதண்ணி. விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டுமா, ஏறுவோர்க்கு எண்ணிக்கை வரையறை வேண்டுமா, அகற்றும் செலவு யாரைச் சார்ந்தது என்பன அங்கே மெய்யான ஐயங்கள். அடிச்சுவட்டைப் பற்றி நால்வர்க்கும் பொது அளவை இல்லை. ஓடையிற் கிடக்கும் போத்தலைப் பற்றி நால்வர்க்கும் கண்ணே அளவையாகும். ஒரே மலையிலே வாதத்துக்கு ஆகாத வினாவும் ஆகும் வினாவும் அருகருகே நிற்கின்றன.

பெயர் பற்றிய வினா

மலையகத்தார் தம்முள் வாதிடும் பொருள்களுள் மிகவும் ஆழமானது தம் பெயரைப் பற்றியது. 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு முதலாக அவர்கள் இந்தியத் தமிழர் எனத் தனியே எண்ணப்பட்டனர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடும் சமமாகப் பங்கிட்டது 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

1964 க்குப் பின்னர் ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் ஒரு வினா நின்றது: இந்தியாவுக்கு விண்ணப்பிப்பதா, இலங்கைக்கு விண்ணப்பிப்பதா? உடன்பிறந்தார் இரு நாட்டவராகப் பிரிந்தனர். ஆயின் உடன்படிக்கை எழுதப்படுமுன்னர் அம்மக்களை வினவியவர் எவருமிலர். தம்மைப் பற்றிய வாதத்தில் அவர்கள் வாதிகளாக இருக்கவில்லை. வாதப் பொருளாக மட்டுமே இருந்தனர். தலைப்பைத் தேரும் உரிமை அற்பமானதன்று என்பதற்கு இதனின் மேற்பட்ட சான்று வேண்டுவதில்லை.

இந்தியத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர், மலையகத் தமிழர் என்னும் பெயர்களுள் எது தக்கது என்னும் வாதம் இப்பின்னணியிலேயே பொருள் பெறுகின்றது. மலையகத் தமிழர் என்பார், பிறந்து உழைத்து மடிந்த மண்ணின் பெயரே தம் பெயர் என்பர். வம்சாவளி என்னும் சொல்லை விடாதார், வந்த வரலாற்றை மறந்தால் பட்ட துயரும் மறக்கப்படும் என்றும், மலைநாட்டுக்கு வெளியே வாழ்வோரும் இக்குலத்தினரே என்றும் கூறுவர். 2023 இல், வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் கால்நடையாகச் சென்றபோது, இரு கருத்தும் ஒருங்கு புலப்பட்டன. முன்னோர் வந்த வழியை மீண்டும் மிதித்தல் வம்சாவளியின் நினைவு. மலையகம் என்னும் பெயரால் நடத்தல் மண்ணின் உரிமை. நாடற்றவர் கதையை எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் எழுத்துகளில் வாழ்ந்த ஐயம் இது. இதற்கு எளிய முடிவு இன்மையாலேயே இது நல்ல தலைப்பு.

தடையும் விடையும்

இங்ஙனம் கூறுதற்குச் சில தடைகள் எழலாம். பட்டிமன்றம் மகிழ்ச்சிக்கு உரியது. நாள் முழுதும் உழைத்தோர் மாலையில் நகைச்சுவை கேட்க விரும்புவர். அவர்களுக்குக் காணியுரிமையும் குப்பையும் தலைப்பாதல் கொடுமை என்பது ஒரு தடை. அதற்கு விடை: மகிழ்ச்சி நாவன்மையிலிருந்து பிறப்பது, தலைப்பின் வெறுமையிலிருந்து பிறப்பதன்று. தன் லயத்துக் கூரையைப் பற்றித் தன் அயலான் நயம்படப் பேசக் கேட்பவன், கண்ணகியையும் மாதவியையும் பற்றிக் கேட்பவனினும் குறைவாக நகைப்பான் என்பதற்கு ஆதாரமில்லை.

மெய்யான ஐயத்தைத் தலைப்பாக்கினால் பகை விளையும் என்பது மற்றொரு தடை. இவ்வச்சம் முற்றும் பொய்யன்று. 1933 பெப்ரவரி 9 இல் ஒக்ஸ்போர்டு மாணவர் சங்கம், அரசனுக்காகவும் நாட்டுக்காகவும் போரிடுவதில்லை என்னும் பொருளை 275 க்கு 153 என்னும் வாக்குகளால் ஏற்றபோது பெருங் கண்டனம் எழுந்தது. ஆயினும் உலகப் போரொன்றின் நினைவும் மற்றொன்றின் அச்சமும் சூழ்ந்த தலைமுறையின் நெஞ்சில் அந்த ஐயம் இருந்தது. தலைப்பு அதனைப் படைக்கவில்லை, வெளிப்படுத்தியது. யாழ்ப்பாணத்தில் 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் இளைஞர் காங்கிரசாக வளர்ந்த இயக்கமும் தன்னாட்சி, தாய்மொழி, சாதியொழிப்பு ஆகிய பொருள்களை அஞ்சாது எடுத்தது. 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்குமாறு அது விடுத்த அழைப்புச் சரியோ பிழையோ என்று வரலாற்றாசிரியர் இன்றும் வேறுபடுகின்றனர். அத்தலைமுறை வெறுந் தலைப்புகளைப் பேசிக் காலங்கழித்தது என்று மட்டும் எவரும் கூறார். பகையை விலக்குதற்கு வழி ஐயத்தை மறைத்தலன்று. சினமும் பூசலும் இன்றி ஏறுக என்று புகார் முரசறைவோன் கூறிய முறைமையைக் காத்தலே வழி.

ஊர்சார்ந்த தலைப்புகள் மாணாக்கரின் பார்வையைக் குறுக்கும் என்பது மூன்றாவது தடை. இதற்கு நல்லதண்ணியே விடை கூறுகின்றது. அங்கே பெயரைப் பற்றிய வினா இரு நாட்டின் வரலாற்றுக்கும், குப்பையைப் பற்றிய வினா உலக மரபுரிமைக்கும், லயத்தைப் பற்றிய வினா நாட்டுச் சட்டத்துக்கும் மாணாக்கனை இட்டுச் செல்லக் கண்டோம். கும்பகருணனும் வீடணனும் அங்கே அயலாராகார். போவதா நிற்பதா என்று 1964 க்குப் பின்னர்த் தடுமாறிய குடும்பத்தின் பெயரன் அப்படலத்தைப் படிக்கும்போது, ஏனையோர் காணாத ஒன்றைக் காணக்கூடும். தன் ஐயத்தை அறிந்தவனே காவியத்தின் ஐயத்தையும் அறிவான்.

தலைப்புப் பிறக்குமிடம்

ஆதலின் தலைப்பைத் தேர்வோர் செய்யத்தக்கது அரிய செயலன்று. செயலாளரின் மேசையிலிருந்து தொடங்காது, கூடப்போகும் அவையிலிருந்து தொடங்குதல் வேண்டும். கூட்டத்துக்குச் சில நாள் முன்னரே உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்கு உண்மையில் துணிவு பிறவாத பொருள் ஒன்றைச் சிறு தாளிற் பெயரின்றி எழுதித் தருமாறு கேட்கலாம். பெயர் எழுதாமை இன்றியமையாதது; துரைக்கோ தலைவருக்கோ தந்தைக்கோ அஞ்சி மறைத்த ஐயமே பெரும்பாலும் பேசுதற்கு மிகவும் தகுதியுடையது.

பெற்ற தாள்களை மூன்று கேள்விகளால் அரித்தெடுக்கலாம். இரு கட்சியிலும் நின்று மனச்சான்றுக்கு மாறின்றிப் பேச இவ்வவையில் ஆட்கள் உளரா? இல்லையேல் அஃது அறிவினா. இரு கட்சியாரும் ஒப்பும் சான்றுகள் இவர்கள் கைக்கு எட்டுவனவா? இல்லையேல் அது வாதமாகாது பூசலாகும். முடிவு எப்பக்கம் சாயினும் மறுநாட் காலையில் இவர்களுள் ஒருவரேனும் வேறுவிதமாக எண்ணவோ நடக்கவோ இடமுண்டா? இல்லையேல் அஃது ஓசையாய் ஒழியும். மூன்றுக்கும் ஆம் என்று விடை தரும் தாள் ஒன்று கிடைப்பினும் போதும்.

இவ்வாறு கிடைக்கும் தலைப்பு அழைப்பிதழில் எதுகை மோனையோடு அழகுற அமையாதிருக்கலாம். புகழ்பெற்ற பேச்சாளர் அதனைப் பேச மறுக்கவும் கூடும். அதற்காக வருந்த வேண்டுவதில்லை. பிரட்டுக்களத்தில் ஏவலாக மட்டுமே வினாவைக் கேட்டுப் பழகிய மக்களின் பிள்ளைகள், ஒருநாள் மாலை தம் ஐயத்தைத் தாமே வினாவாக்கி அவையில் வைப்பராயின், அன்று பேசப்படும் தமிழ் சிறிது தடுமாறினும் குற்றமில்லை. கல்லூரிகளில் தமிழ்மன்றம் நடத்தும் ஆசிரியரும் மாணாக்கரும் அடுத்த கூட்டத்துக்குத் தலைப்பெழுதப் புகுமுன்னர், இது யாருடைய ஐயம் என்று ஒருமுறை தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் நலம். அவ்வினா ஏவலன்று, அறிவினாவுமன்று. விடை தெரியாது கேட்கவேண்டிய மெய்யான ஐயவினாவாகும்.